காற்று அரை நாள், இருட்டு ஒன்பது நாள்

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்தேன். முருங்கை சாய்ந்தது, எதிர்வீட்டு ஓடுகள் பறந்தன, மின்சாரம் போனது. தெருவில் அடிபம்பு இருந்தது, கொல்லையில் கிணறு இருந்தது, இருட்டினால் பாட்டி கதை சொல்வார். அதையெல்லாம் பார்த்தவள் என்ற திமிர் எனக்குள் எப்போதும் உண்டு. திருமணமாகி, இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்கு வந்த பிறகும் அது குறையவில்லை. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது இங்கே முதன்முறையாக, எல்லாவற்றிலும் கடுமையான ஊதா எச்சரிக்கை விட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரு பகலும் ஓர் இரவும்தான் மின்சாரம் இல்லை. அடுத்த நாள் இட்லிக்கு மாவு அரைத்துவிட்டேன். ஆகவே 2025 பிப்ரவரி கடைசியில் கரான்ஸ் புயல் வருகிறது என்று வானொலியில் சொன்னபோது, எல்லோரும் செய்வதை நானும் செய்தேன்: சன்னல் கதவுகளைக் கட்டினேன், தொட்டிச் செடிகளை உள்ளே எடுத்தேன், இரண்டு பெட்டி தண்ணீர் பாட்டிலும் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்கினேன். எல்லாம் காற்றுக்கான தயாரிப்பு. காற்றோ வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்த ஒன்பது நாட்களுக்கு என்னிடம் எதுவுமே இல்லை.

எங்கள் வீடு சேந்த் ஆந்த்ரேயில், கரும்புத் தோட்டத்தை ஒட்டிய ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிறது. என் கணவர் எலெக்ட்ரீஷியன். 2024 டிசம்பர் 14 அன்று சிதோ புயல் இன்னொரு பிரெஞ்சுத் தீவான மயோத்தைச் சிதைத்த பிறகு, அவருடைய கம்பெனி அவரை அங்கே வேலைக்கு அனுப்பியிருந்தது. மயோத்தில் ஊரார் வீட்டுக்கெல்லாம் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார், தன் வீடு இருண்டபோது அவர் இங்கே இல்லை. வீட்டில் நானும், எழுபத்தெட்டு வயது அத்தையும்தான். அத்தைக்குச் சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். நான் வீட்டிலிருந்தபடியே இங்குள்ள புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்கு இட்லி மாவு, பூரணக் கொழுக்கட்டை, பரோட்டா செய்து கொடுப்பவள். அதற்காக ஒரு பெரிய ஃப்ரீஸர் வைத்திருக்கிறேன். இன்சுலினும் அந்த ஃப்ரீஸரும்தான் அந்த ஒன்பது நாட்களும் என்னை ஆட்டிவைத்தன.

வியாழக்கிழமை மாலை சிவப்பு எச்சரிக்கை வந்தது. அதன்பின் யாரும் வெளியே போகக்கூடாது. வெள்ளி, பிப்ரவரி 28, காலையில் ஊதாவாக மாறியது, அதாவது வீட்டுக்குள்ளேயே ஒரு பத்திரமான மூலையைப் பார்த்து ஒடுங்கிக்கொள்ள வேண்டும். புயல் தீவின் வடக்கில், சேந்த் சுசான் பக்கமாகக் கரையேறியது, எங்களுக்கு அடுத்த ஊர். நாங்கள் இருவரும் குளியலறையில் மெத்தையைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தகரக் கூரையை யாரோ கடப்பாரையால் நெம்புவது போன்ற சத்தம். அத்தை கந்த சஷ்டி கவசத்தை இரண்டு முறை முடித்து மூன்றாவது முறை தொடங்கியிருந்தார். மின்சாரம் எப்போது போனது என்றே கவனிக்கவில்லை. காற்று அடங்கி, ஃப்ரிட்ஜின் முனகல் கேட்கவில்லையே என்று தோன்றியபோதுதான் தெரிந்தது. தீவு முழுவதும் 5 பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரம் மின் இணைப்புகளுக்கு மேல் அறுந்துபோயின என்றும், மூன்று லட்சம் பேருக்கு மேல் குழாயில் தண்ணீர் இல்லை என்றும் பிறகு வானொலியில் கேட்டேன். அதையெல்லாம் நினைத்தால் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அப்படி நினைக்கத் தோன்றவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் தவறை முதல் மணி நேரத்திலேயே செய்தேன். ஃப்ரீஸரைத் திறந்து பார்த்தேன். மறுபடி திறந்து பார்த்தேன். சாயங்காலத்துக்குள் ஏழெட்டு முறை திறந்திருப்பேன், ஒவ்வொரு முறையும் குளிர் காற்று காலடியில் இறங்கிப் போவதை உணர்ந்துகொண்டே. நிரம்பிய ஃப்ரீஸரை மூடியபடியே விட்டுவைத்தால் ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியாக இருந்தால் 24 மணி நேரம். சாதாரண ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம்தான். இந்தக் கணக்கு அப்போது தெரிந்திருந்தால், முதல் நாள் ஃப்ரிட்ஜில் இருந்ததைச் சமைத்துத் தீர்த்திருப்பேன், ஃப்ரீஸரின் மேல் ஒரு கம்பளியைப் போர்த்தி இரண்டு நாள் தொடாமல் விட்டிருப்பேன். புயல் வரும் என்று தெரிந்த அன்றே காலி பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி ஃப்ரீஸரின் இடைவெளிகளில் செருகியிருக்க வேண்டும். அது குளிரையும் காக்கும், உருகினால் குடிக்கவும் ஆகும். இப்போது நான் ஒரு குவளைத் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு காசை வைத்திருக்கிறேன். காசு அடியில் கிடந்தால், நடுவில் ஒருமுறை எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அதை நம்பிச் சாப்பிடக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃப்ரீஸரின் அடியிலிருந்து தரையில் வெள்ளையாக ஒரு கோடு ஊர்ந்து வந்தது. துருவி வைத்த தேங்காய்ப் பூவின் பால். பன்னிரண்டு கிலோ தேங்காய், அறுபது பரோட்டா, வறுத்து வைத்த பூரணம், மகளிர் சங்கத்து ஆர்டருக்காகச் செய்த கொழுக்கட்டை எல்லாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் கறியையும் மீனையும் எடுத்துவந்து ஒரே அடுப்பில் பெரிய சட்டியில் சமைத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். நான் மட்டும் என்னுடையதை யாருக்கும் கொடுக்காமல், மின்சாரம் இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று காத்திருந்து, கடைசியில் மூன்று கறுப்புப் பைகளில் கட்டிக் குப்பைக்குப் போட்டேன். அந்த அற்பத்தனத்தை நினைத்தால் இன்றும் முகம் சுருங்குகிறது. போட்டதில் இன்னொரு முட்டாள்தனம்: படம் எடுக்கவில்லை. காப்பீட்டில் கேட்டபோது காட்ட ஒன்றுமில்லை. பிறகு தெரிந்தது, படம் இருந்தாலும் பயனில்லை. வீட்டுக் காப்பீட்டில் ஃப்ரீஸர் உணவுக்குத் தனிப் பிரிவு எடுத்திருக்க வேண்டும், அதுவும் சொந்தச் சாப்பாட்டுக்கு மட்டும், விற்பனைச் சரக்குக்குக் கிடையாது. வீட்டில் சமைத்து விற்கும் பெண்கள் இந்த ஒரு வரியை உங்கள் ஒப்பந்தத்தில் இன்றைக்கே தேடிப் பாருங்கள். புயல் சேதத்தைச் சொல்வதற்கு வழக்கமாக ஐந்து வேலை நாள்தான் தருகிறார்கள். அரசு இயற்கைப் பேரிடர் என்று அறிவித்தால் அந்த அறிவிப்பு வெளியானதிலிருந்து 30 நாள் கிடைக்கும். அறிவிப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் முதலிலேயே ஒரு கடிதம் போட்டுவிடுவது நல்லது.

இன்சுலின் கதை இதைவிட மோசம். அத்தையிடம் பயன்பாட்டில் ஒரு பேனாவும் (இன்சுலின் அடைத்த, பேனா வடிவ ஊசி), பிரிக்காத மூன்று பேனாக்களும் இருந்தன. ஃப்ரிட்ஜ் நின்றதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இது கெட்டுப்போனால் என்ன செய்வேன், ஆம்புலன்ஸ் வருமா, சாலையில் மரங்கள் கிடக்கின்றனவே என்று ஒரே நடுக்கம். கைபேசியில் சிக்னல் இல்லை. சாலை திறந்ததும் ஐஸ் தேடிக் கிளம்பினேன். சேந்த் ஆந்த்ரேயில் கிடைக்கவில்லை, சேந்த் சுசானில் கிடைக்கவில்லை. தலைநகர் சேன் தெனி வரை போய், ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று இரண்டு பை வாங்கினேன். வீடு வந்து சேர்வதற்குள் ஒரு பை தண்ணீராகியிருந்தது. அடுத்த நாளும் அதே ஓட்டம். இரண்டு நாளில் ஐஸுக்கு 38 யூரோ, பெட்ரோலுக்கு அதற்கு மேல். வாங்கிவந்த ஐஸில் பேனாக்களைப் புதைத்து வைத்தேன். மூன்றாம் நாள் காலை பார்த்தால், ஐஸ் கட்டியோடு ஒட்டியிருந்த ஒரு பேனாவின் உள்ளே மருந்து மணல்போல் உறைந்திருந்தது.

அன்றுதான் ஜெனரேட்டர் போட்டு ஒரு மருந்துக்கடையைத் திறந்தார்கள். அங்கிருந்த பெண் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உறைந்துபோன இன்சுலினைப் போடவே கூடாது, தூக்கி எறிந்துவிடுங்கள். மற்றதற்கு நீங்கள் ஐஸ் தேடியிருக்கவே வேண்டாம், மடாம்" என்றாள். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை வெளியிலேயே வைக்கலாமாம். பெரும்பாலான வகைகள் 30 டிகிரிக்கு மேல் சூடேறாமல் இருந்தால் நான்கு வாரம் வரை தாங்கும். மருந்துக்கு மருந்து நாள் மாறும், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எழுதியிருக்கும். பிரிக்காத பேனாவை வெளியே எடுத்தால் அன்றைய தேதியை அதன்மேல் எழுதிவிட்டு அந்த நாளிலிருந்து கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அத்தை ஆறு ஆண்டுகளாக இந்த மருந்தைப் போட்டுக்கொள்கிறார். அந்தத் தாளை நான் ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. கெட்டுவிடுமே என்று ஓடிய ஓட்டம்தான் மருந்தைக் கெடுத்தது. உங்கள் வீட்டில் இன்சுலினோ மூச்சுக் கருவியோ வேறு எதுவோ இருந்தால், மின்சாரம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று புயல் பருவம் தொடங்குவதற்கு முன்பே மருந்துக்கடையிலோ மருத்துவரிடமோ கேட்டு எழுதி வாங்கி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தை எழுந்துபோய், பூசையறையில் வெறுமனே கிடந்த மண்பானையைக் கொண்டுவந்தார். ஈரத்துணியைச் சுற்றி, உள்ளே ஒரு சின்னக் கிண்ணத்தில் பேனாக்களை வைத்து, காற்றோட்டமான நிழலில் வைத்தார். புதுச்சேரியின் கோடையில் பானை குளிர்கிற அளவுக்கு இந்தக் கிழக்குக் கரையின் ஈரக்காற்றில் குளிராது என்பது உண்மை. ஆனாலும் வீட்டுச் சூட்டைவிட நிச்சயம் குறைவு. வேண்டியதும் அவ்வளவுதான்.

விளக்கு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு அதிர்ஷ்டம். புயலுக்கு இரண்டு நாள் முன்புதான் மகா சிவராத்திரி. கோயிலுக்கு என்று வாங்கிய எண்ணெயும் திரியும் மீதம் இருந்தன. ஆனால் அகல் விளக்கு வைத்த மூன்றாம் இரவு கொசுவலையின் ஓரம் கருகியது, நல்லவேளை நான் விழித்திருந்தேன். அதற்குப் பிறகு விளக்கையும் மெழுகுவர்த்தியையும் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில்தான் வைத்தேன், தூங்கும் முன் அணைத்துவிடுவேன். நல்ல வழி ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பெரியவர் காட்டினார். தோட்டத்தில் குத்திவைக்கும் சூரிய விளக்குகளைப் பிடுங்கி, இரவில் பாட்டிலில் செருகி, கழிவறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, பகலில் மறுபடி வெயிலில். ஒன்று ஐந்து யூரோகூடப் பெறாத அந்த விளக்குகள் கடைசி நாள்வரை உழைத்தன. அவர் மலபார் கிரியோல் குடும்பம், அதாவது பல தலைமுறைக்கு முன் இங்கே வந்த தமிழர்களின் வழியினர். தேவாரம் இரண்டு வரி மனப்பாடமாகத் தெரியும், பேச்சு முழுக்க கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்தத் தீவின் மொழி. தினமும் மாலையில் வாசலில் நின்று, "ஃபெனுவார் வந்துவிட்டது" என்பார். ஃபெனுவார் என்றால் கும்மிருட்டு. அந்தச் சொல்லை அந்த ஒன்பது நாட்களில் நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

அவருடைய மகன் ஜெனரேட்டர் வைத்திருந்தான். என் கைபேசிக்கு அவன்தான் சார்ஜ் போட்டுத் தந்தான். அதை எங்கள் படுக்கையறைச் சன்னலுக்கு நேர் கீழே, தாழ்வாரத்தில் ஓடவிட்டான். நான்காம் நாள் காலை அத்தைக்கும் எனக்கும் தாங்க முடியாத தலைவலி, குமட்டல். தூக்கமில்லாததால் என்று நினைத்தேன். ஜெனரேட்டர் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, தலைவலியாகத்தான் வரும். சந்தேகம் வந்த பிறகும் சொல்லத் தயங்கினேன், உதவி செய்கிறவனிடம் எப்படிக் குறை சொல்வது என்று. ஒரு இரவு முழுக்க அந்தக் கூச்சத்தோடு, சன்னலை அடைத்துக்கொண்டு புழுங்கினோம். மறுநாள் சொன்னேன், அவன் பதறிப்போய் உடனே வெட்டவெளிக்கு நகர்த்தினான். தாழ்வாரமும் கார் கொட்டகையும் திறந்த இடமல்ல. வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி, எந்தச் சன்னலையும் பார்க்காமல் வைக்க வேண்டும்.

அவனே இன்னொரு யோசனையும் சொன்னான்: ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை எங்கள் சுவர் பிளக்கில் சொருகிவிட்டால் வீடு முழுக்க வெளிச்சம் வரும். அன்று மாலை மயோத்திலிருந்து கணவரின் அழைப்பு கிடைத்தது. சொன்னதும் கத்தினார், திருமணமான பதினொரு ஆண்டுகளில் அப்படிக் கத்தியதில்லை. "அந்த மின்சாரம் திரும்பத் தெருக் கம்பிக்கு ஏறும். கம்பத்தில் வேலை செய்கிற எவனாவது செத்துப்போவான். என்னைப்போல ஒருவன்" என்றார். நான் பதில் பேசவில்லை. ஜெனரேட்டரோடு நேரடியாக ஒரு நீட்டிப்பு வயரைப் போட்டு, வேண்டிய ஒரு பொருளை மட்டும் அதில் மாட்டலாம், சுவருக்குள் விடவே கூடாது.

மனதுக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஐந்தாம் நாள் இரவு சந்தின் எதிர்ப்புறத்து வீடுகளுக்கு விளக்கு வந்தது. கைதட்டினார்கள். எங்கள் பக்கம் இருட்டு. பத்தடி தூரத்தில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கிறது, இங்கே நான் அத்தைக்கு அட்டையால் விசிறிக்கொண்டிருக்கிறேன். எவ்வளவு பொறாமை என்றால், அவர்களுக்கு மறுபடி போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். காரணத்தைப் பின்னால் கணவர் விளக்கினார். முதலில் உயர் அழுத்தக் கம்பிகள், மருத்துவமனை, தண்ணீர் இறைக்கும் நிலையங்கள், பிறகு ஊருக்குப் பொதுவான கம்பிகள், கடைசியில்தான் சந்துகளுக்குள் வரும் தாழ்வழுத்தக் கம்பி. எதிர்ப்புறத்து வீடுகள் வேறு டிரான்ஸ்ஃபார்மர். எங்கள் பக்கத்துக் கம்பியில் ஒரு லிச்சி மரம் சாய்ந்து கிடந்தது. அது அங்கே கிடப்பது யாருக்கும் தெரியாது, நாங்கள் சொல்லவும் இல்லை. எல்லோரும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று நினைத்தோம். ஏழாம் நாள் நான் நகராட்சிக்கு நடந்துபோய், கம்பத்தில் ஆணியடித்திருந்த எண்ணையும் சந்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் ஆட்கள் வந்தார்கள். முதல் நாளே போயிருந்தால் முன்பே வந்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேட்டிருக்கலாம். அறுந்த கம்பியை மட்டும் யாரும் நெருங்காதீர்கள், இருட்டாகக் கிடக்கிறதே என்று நம்பி மரத்தை வெட்டப் போகாதீர்கள்.

தண்ணீர் ஆறாம் நாளே வந்துவிட்டது, கலங்கலாக. கொதிக்கவைத்துத்தான் குடித்தோம். எரிவாயு உருளை இருந்தது பெரும் பாக்கியம். மின் அடுப்பு மட்டும் வைத்திருந்த வீடுகளில் குழந்தைக்குப் பால் காய்ச்ச என் வீட்டுக்கு வந்தார்கள். தண்ணீரைச் சேமிக்கும்போது எல்லாப் பாத்திரத்தையும் மூடிவைக்க வேண்டும். 2005-06இல் தீவில் மூன்றில் ஒருவரைப் படுக்கவைத்த சிக்குன்குனியா அந்த ஆண்டு மறுபடி பரவிக்கொண்டிருந்தது. நான் திறந்து வைத்த வாளியில் நாலாம் நாள் புழுக்கள் துள்ளின. அத்தைக்கு வரவில்லை. எனக்கு வந்தது, மார்ச் கடைசியில், மூட்டு மூட்டாக. அந்த வாளியால்தான் என்று நிரூபிக்க முடியாது.

மார்ச் 9, ஞாயிறு, பிற்பகல் விளக்கு எரிந்தது. எரிந்து, மங்கி, பளீரென்று ஒருமுறை ஏறி, அணைந்து, மறுபடி எரிந்தது. நான் எதன் பிளக்கையும் கழற்றியிருக்கவில்லை. இணையப் பெட்டி கருகிய வாசனையோடு போனது, ஃப்ரிட்ஜின் சர்க்யூட் பலகையும் போனது. பழுது பார்க்க 165 யூரோ. மின்சாரம் போன உடனேயே எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு பல்பை மட்டும் போட்டு வைத்திருக்க வேண்டும். அது அரை மணி நேரம் நிதானமாக எரிந்த பிறகு ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். எலெக்ட்ரீஷியன் மனைவிக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்காதீர்கள், அவரே கேட்டுவிட்டார். ஃப்ரீஸர் சரக்கு 210, வராமல் போன ஆர்டர்கள் ஏறக்குறைய 400, ஐஸும் பெட்ரோலும் பழுதும் சேர்த்து மொத்தம் 850 யூரோவுக்கு மேல். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவர் ஏப்ரலில் வந்தார். ஃப்ரிட்ஜ் சரியாகிவிட்டது, இன்சுலினை உள்ளே வைக்கட்டுமா என்று அத்தையிடம் கேட்டார். பிரிக்காததை மட்டும் எடுத்துக் கொடுத்தார் அத்தை. போட்டுக்கொண்டிருக்கும் பேனா இன்னும் பூசையறை மூலையில், பானைக்குள்தான் இருக்கிறது. அதன்மேல் நான் எழுதிய தேதியை வெள்ளிதோறும் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பார்க்கிறார்.